மேலே ஒரு ஸ்டேரிங், கீழே ஒன்று

தை 4, ஞாயிறு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதை யார் படித்தாலும் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. என் 'கு'வுக்கு வயிறு பெருத்திருக்கிறது. 'ழ' காலை நீட்டிப் படுத்திருக்கிறது. ஒரு வரி மேட்டில் ஏறினால் அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. இந்த நோட்டில் கோடு போட்டிருப்பதாக ஜீனத் டீச்சர் சொல்கிறார். அப்படியானால் கோட்டை மிகவும் வெளிறிய மையில் அச்சடித்திருக்கிறார்கள். கடைக்காரர் பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டார் என்று எனக்குச் சந்தேகம்.

'சந்தேகம்' என்ற சொல்லைப் போன வாரம்தான் எழுதப் பழகினேன். அருமையான சொல். எழுதி முடித்ததும் வாயில் வெற்றிலை போட்டது போல இருக்கிறது. அடிக்கடி எழுதுவேன்.

என் பெயர் உத்திராபதி. முத்துப்பேட்டை. எழுபது வயது தாண்டிவிட்டது. ஆற்றிலிருந்து காயலுக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை இன்ஜின் படகில் ஏற்றிப்போய் அலையாத்திக் காட்டைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. ஆறு மாதத்துக்கு முன்பு வரை எழுத்தென்றால் எனக்குச் சுவரில் எறும்பு ஊர்வது போலத்தான். இப்போது பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்புக்குப் போகிறேன். பஸ் பலகையைப் படிக்கிறேன். சோப்பு உறையைப் படிக்கிறேன். என் படகின் நெற்றியில் 'செல்லியம்மன் துணை' என்று எழுதியிருப்பது உண்மைதான் என்று இப்போதுதான் நானே பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

தினமும் கொஞ்சம் எழுதச் சொல்லியிருக்கிறார் டீச்சர். மாசம் பிறப்பதற்குள் 'எனக்குத் தெரிந்த ஒரு பொருளின் நன்மைகள்' என்று ஒரு கட்டுரையும் வேண்டுமாம். எதைப் பற்றி எழுதுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

கை வலிக்கிறது. போதும்.

தை 6, செவ்வாய்

வீட்டில் ஏதோ நடக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து சூசை மேஸ்திரி வந்து படகின் கூரையை அளந்தார். கூரை மேல் ஒரு இருக்கையும் ஒரு ஸ்டேரிங்கும் வைக்கப் போகிறார்களாம். கீழே இருக்கிற ஸ்டேரிங் அப்படியே இருக்குமாம். ஒரு படகுக்கு இரண்டு. என்னைக் கேட்காமல் ஏற்பாடு செய்தது என் மகள் அரசியும் மருமகன் தண்டாயுதமும். படகில் நாங்கள் மூன்று பேர்தான். நான் ஓட்டுவேன். மாப்பிள்ளை பின்பக்கம் இன்ஜினையும் கயிற்றையும் பார்ப்பார். அரசி பயணிகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, பறவைகளின் பெயர் சொல்வாள்.

"எதுக்கு மாப்புள இது?" என்றேன்.

"மாமா, கீழ உக்காந்தா மூக்கை முட்டற கண்ணாடி. அதுல உப்புத் தண்ணி வேற அடிக்குது. மேல உக்காந்தீங்கன்னா ஆறு பூரா பாய் விரிச்ச மாதிரி தெரியும். எங்க ஆழம், எங்க சேறுன்னு தண்ணி நெறத்துலயே சொல்லிடலாம். வலை கட்ட நட்டிருக்கற கம்பு தூரத்துலயே தெரியும். டீசல் பொகை இல்ல. காத்து வேற!"

"இத்தனை வருஷம் கீழேந்துதானே ஓட்டினேன்? ஒரு கம்பை முட்டியிருப்பேனா?"

அரசி மடவை மீனைச் செதில் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "போன மார்கழியில முட்டினது என்னப்பா?"

"அது கம்பு இல்ல. கம்பு மாதிரி இருந்துச்சு."

மாப்பிள்ளை சிரித்தார். அரசி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததுதான் எனக்குச் சந்தேகம்.

கட்டுரைக்குப் பொருள் கிடைத்துவிட்டது. மேல் ஸ்டேரிங்கின் நன்மைகள். ஒன்றும் இல்லை என்று எழுதி முடித்துவிடலாம். சின்னக் கட்டுரை.

தை 9, வெள்ளி

வேலை முடிந்தது. ஏணியில் ஏறினேன். உட்கார்ந்தேன். இறங்கினேன். கருத்துச் சொல்ல மாட்டேன்.

தை 11, ஞாயிறு

கருத்துச் சொல்கிறேன். நன்றாக இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். மேலே உட்கார்ந்தால் காற்று சட்டைக்குள் புகுந்து முதுகு வழியாக வெளியே போகிறது. இன்ஜின் சத்தம் காலடியில் எங்கோ அடங்கிவிடுகிறது. கரையில் நிற்கிறவன் கூப்பிட்டால் காதில் விழுகிறது. பயணிகள் வேறு கீழேயிருந்து என்னை அண்ணாந்து பார்க்கிறார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர் போட்டோ எடுத்தார். நான் முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொண்டேன்.

இரண்டு ஸ்டேரிங்கையும் ஒரே சங்கிலி கட்டியிருக்கிறது. மேலே திருப்பினால் கீழே இருப்பதும் திரும்பும், கீழே திருப்பினால் மேலே இருப்பதும் திரும்பும். காலையில் அரசியை மேலே ஏற்றித் திருப்பச் சொல்லிவிட்டு நான் கீழே நின்று பார்த்தேன். ஆளே இல்லாமல் வளையம் சுற்றியது, அருள் வந்தது போல. பயணி ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

குறையும் உண்டு. மேலே ஆட்டம் அதிகம். கீழே ஒரு சாண் சாய்ந்தால் மேலே ஒரு முழம் சாய்கிறது. இரண்டாவது, வெளிச்சம். வெயில் ஏறியதும் தண்ணீர் முழுக்கப் பால் ஊற்றியது போல வெள்ளையாகிவிடுகிறது. கரைக்கும் ஆற்றுக்கும் எல்லை தெரியவில்லை. கீழே ஓட்டியபோது இவ்வளவு பால் இல்லை. மேற்கே ஏதோ பண்ணையிலிருந்து எதையோ ஆற்றில் கலக்கிறார்கள் என்று சந்தேகம்.

மூன்றாவது குறை நடைப்பாலம். மாப்பிள்ளை பாலத்தின் உயரத்தை அளந்துவிட்டுத்தான் இருக்கை போட்டாராம். ஆனால் அளந்தது வற்று நேரத்தில். நாங்கள் திரும்பும்போது ஏற்று வந்து தண்ணீர் உயர்ந்திருந்தது. பாலம் நேரே என் நெற்றிக்கு வந்தது.

"அப்பா, குனிங்க!"

அரசியின் குரல் கீழேயிருந்து வந்தது. குனிந்தேன். தொப்பி போய்விட்டது, தலை இருக்கிறது.

"தண்ணி ஏறும், எறங்கும்னு ஒங்களுக்கு யாரும் சொல்லலையா மாப்புள?"

"அளக்கும்போது அது எறங்கி இருந்துச்சு மாமா."

மாமனாரின் தலையை எடுக்கத் திட்டமோ என்று யோசித்தேன். இல்லை. அவ்வளவு யோசிக்கிற ஆள் இல்லை.

தை 13, செவ்வாய்

இன்று ஒன்று நடந்தது. மெதுவாக எழுதுகிறேன்.

காட்டுக்குள் ஆறு வளைகிற இடத்தில் நான் நேரே பிடித்திருந்தேன். ஸ்டேரிங் என் கைக்குள் இடப்பக்கம் நகர்ந்தது. அதிகமில்லை, ஒரு விரல் அகலம். நான் நகர்த்தவில்லை. அப்புறம் வலப்பக்கத்தில் ஒரு வலைக்கம்பு என்னைக் கடந்து போனது. மேலே ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. கொக்கின் கண் கூடத் தெரிந்தது, அவ்வளவு பக்கம்.

சூசை மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"புதுச் சங்கிலி அண்ணே. பழகற வரைக்கும் கொஞ்சம் இழுக்கும்."

"கம்பு இருக்கற எடத்துல மட்டும் இழுக்குமா?"

அவர் அவசரமாக, "நாளைக்குக் கூப்பிடறேன் அண்ணே" என்று வைத்துவிட்டார்.

சந்தேகம்.

தை 15, வியாழன்

ஓட்டம் முடிந்து கீழே இறங்கியதும் நேரே பழைய இருக்கைக்குப் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. யாரோ உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். புது மெத்தை வேறு போட்டிருக்கிறார்கள். நான் எத்தனையோ வருடம் வெறும் பலகையில் உட்கார்ந்து ஓட்டியது அந்த இருக்கை. ஆளில்லாத இருக்கைக்கு மெத்தை எதற்கு?

மெத்தையில் இரண்டு கனகாம்பரம் கிடந்தது. பயணிகள் யாராவது வைத்திருந்ததாக இருக்கும்.

எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளைதான். என்னைக் காற்று வாங்க மேலே ஏற்றிவிட்டு, கீழே உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் படகு ஓட்டப் பழகுகிறார். பங்குனியில் என் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் தன் பெயரில் ஒன்று வாங்கிவிடுவார். அப்புறம், "மாமா, நீங்க வீட்டுல படிச்சுக்கிட்டு இருங்க" என்பார்.

நல்ல மனிதர்தான். எனக்குத் தோசை ஊற்றித் தருவார். அதற்காகச் சந்தேகப்படாமல் இருக்க முடியுமா?

தை 18, ஞாயிறு

இன்று வகுப்பு. வகுப்பிலும் ஏதோ நடக்கிறது.

நான் எப்போதும் ஜன்னல் ஓரம் கடைசிப் பலகையில் உட்காருவேன். டீச்சர் என்னை முன்னால் வரச் சொன்னார்.

"அங்கேயே இருக்கேனே டீச்சர். காத்து வருது."

"சரி தாத்தா. அங்கேருந்தே போர்டுல இருக்கறதைப் படிங்க பாப்போம்."

"நீங்க இன்னும் எழுதவே இல்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பகடி செய்ததாக நினைத்துக்கொண்டார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் போனதும் பலகையில் எழுத்து இருந்தது. சாக்பீஸ் தரம் சரியில்லை.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் ஒரு புத்தகம் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு. நான் என்ன பால்வாடிப் பிள்ளையா? வாங்கிக்கொண்டேன். இரண்டு பக்கம் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டேன் என்பதும் உண்மை.

வெளியே வந்தால் வாசலில் அரசி நின்று டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தி, கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நடுவிலிருந்து.

பள்ளிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மூக்கு சுவரில் உரசும் அளவுக்குப் பக்கத்தில் போய், எழுத்துக் கூட்டிப் படித்தேன். இ-ல-வ-ச-க் கண் பரிசோதனை முகாம். முதல் முறையாக ஒரு நோட்டீஸை யார் உதவியும் இல்லாமல் முழுதாகப் படித்தேன். பெருமையாக இருந்தது. படித்துவிட்டு வந்துவிட்டேன். அது என்னைப் பற்றியது அல்ல.

தை 19, திங்கள்

காலையில் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்று மாப்பிள்ளை பேச்செடுத்தார்.

"மாமா, லைசென்சுக்குக் கண்ணு சர்டிபிகேட்டும் கேக்கறாங்களாம். ஒரு நடை போயிட்டு வந்துருவோமா?"

"என் கண்ணுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா. சும்மா ஒரு பார்வை."

"பார்வை எனக்கு இருக்கு. ஒங்களுக்கு வேணும்னா போய்ப் பாத்துக்குங்க. தோசை கருகுது."

கருகவில்லையாம். வாசனை வந்தது போல இருந்தது.

என் அண்ணன் முறை ஒருத்தர், பக்கிரி. அந்தக் காலத்தில் எங்கோ முகாமுக்குப் போய்க் கண்ணில் கத்தி வைத்துக்கொண்டு வந்தார். ஒரு கண் போயே போய்விட்டது. அவர் அதற்கு அப்புறம் தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு எழுத்துக் கிடைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. இன்னும் செய்தித்தாளில் சின்ன எழுத்தைத் தொடவே இல்லை. என் கண்ணை யாரும் தொட வேண்டாம்.

தை 22, வியாழன்

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். நோட்டைத் திறந்துவிட்டேன்.

காயலில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். கழுத்தில் ஓலைப் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு, சேற்றில் முழங்காலிட்டு நகர்ந்து போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரியும். மேல் ஸ்டேரிங்கின் பெரிய நன்மை இதுதான் என்று கட்டுரைக்காக நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். கீழேயிருந்து பார்த்தால் தலையும் அலையும் ஒரே மட்டம். மேலேயிருந்து பார்த்தால் தலை தனி, தண்ணீர் தனி.

இன்று வெயில் நேரே முகத்தில் அடித்தது. எல்லாம் பால். அந்தப் பாலில் கறுப்பாக ஒன்று இருந்தது. நீர்க்காகம் என்று நினைத்தேன். நீர்க்காகம் படகு பக்கத்தில் வந்தால் முங்கிவிடும், இல்லை பறந்துவிடும். நாம் விலக வேண்டியதில்லை.

ஸ்டேரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு சுற்றியது. விரல் அகலம் இல்லை, முழுச் சுற்று. படகு சாய்ந்தது. கீழே பயணிகள் கத்தினார்கள். நான் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

நீர்க்காகம் பேசியது.

"ஏ உத்திராபதி மாமா! மேல ஏறி ஒக்காந்துட்டா கீழ கெடக்குறவ கண்ணு தெரியாதா? ஒரு சாண் தள்ளி வந்திருந்தா எம் மண்டை ஒம் படகுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்!"

செல்லக்கிளி. அவளுடைய கல்யாணத்துக்குப் பெண் அழைத்து வந்த படகு என்னுடையது.

"பாத்துட்டேன் புள்ள, பாத்துட்டுத்தானே திருப்பினேன்!" என்று கத்தினேன்.

நான் திருப்பவில்லை.

தை 23, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. செல்லக்கிளியைச் சந்தையில் பார்த்தேன். நண்டு விற்றுக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறாள்.

தை 25, ஞாயிறு

இரண்டு நாளாக ஒரே யோசனை. மாப்பிள்ளைக்கு அவ்வளவு வேகமான கை கிடையாது. இன்ஜின் நாடாவை மாட்டவே அரை மணி நேரம் ஆக்குவார். ஆனாலும் வேறு யார்? கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

இன்று திருச்சிக்காரக் குடும்பம் ஒன்று வந்திருந்தது. திரும்பும்போது ஆறு அகலமாக இருக்கிற இடம் வந்தது. முன்னாலும் பின்னாலும் படகுச் சத்தம் இல்லை என்று காது கொடுத்துக் கேட்டேன். வேகத்தை நன்றாகக் குறைத்தேன். பிறகு ஸ்டேரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

படகு போய்க்கொண்டிருந்தது.

சேற்றுத் திட்டு வருகிற இடத்தில் வளையம் மெதுவாக வலப்பக்கம் சுற்றியது. திட்டைத் தாண்டியதும் நேரானது. அதற்கப்புறம் சின்னதாக இடப்பக்கம் ஒரு அசைவு. அங்கே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என்னவோ இருந்திருக்கிறது. ஒரு அவசரமும் இல்லை, ஒரு தடுமாற்றமும் இல்லை. நான் நல்ல வயதில் ஓட்டியது போல இருந்தது.

ஏணியில் இறங்கினேன். பின்பக்கம் மாப்பிள்ளை கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுண்டல் தொண்டையில் நின்றுவிட்டது.

"மாமா... நீங்க... இங்க..."

அவரைத் தாண்டி உள்ளே போனேன். பழைய இருக்கையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். தலையில் கனகாம்பரம். இரண்டு கையும் வளையத்தில். கண் சிமிட்டாமல் கண்ணாடி வழியாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புப் படிந்த அந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்க அவள் கழுத்தை எவ்வளவு நீட்ட வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தேன்.

திருச்சிக்காரப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானே மேல ஓட்டிக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா."

"அப்ப இப்ப மேல யாரு?"

"யாரும் இல்ல."

அவருடைய மனைவி மிதவைச் சட்டையின் நாடாவை இறுக்கிக் கட்டினார். யாரோ முருகா என்றார்கள். அரசி திரும்பாமலே பேசினாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா, நான் ஓட்டறேன். அப்பா, நீங்க எறங்கி வந்துட்டா மேல யாருப்பா இருக்கறது?"

"நீ சொல்லு. எத்தனை நாளா மேல யாரும் இல்ல?"

அவள் வளையத்தைக் கொஞ்சம் திருப்பினாள். நடைப்பாலம் வந்தது. குனிய ஆள் இல்லாமலே படகு பாலத்தைத் தாண்டியது.

துறையில் எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு மாப்பிள்ளை இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் படகிலேயே நின்றோம்.

"இதுக்குத்தான் ரெண்டாவது ஸ்டேரிங்கா?" என்றேன்.

"ஆமாப்பா."

"காத்து, பொகை, தண்ணி நெறம், அது இதுன்னு..."

"அதெல்லாமும் நெசந்தான். ஆனா ஒரே ஸ்டேரிங் இருந்தா ஒருத்தர்தானே பிடிக்க முடியும்? ஒங்க கையிலேந்து நான் எப்படிப்பா புடுங்கறது? அதுவும் சனங்க முன்னாடி."

"அதுக்கு என்னைப் பொம்மையாட்டம் மேல ஏத்தி வச்சியா?"

"பொம்மை இல்லப்பா. ஆத்துல எந்தப் பக்கம் போவணுங்கறது ஒங்க கைதான். நான் கம்பு வந்தா, ஆளு வந்தா மட்டும்..." அவள் முன்கண்ணாடியைக் காட்டினாள். "அன்னைக்குச் செல்லக்கிளி அக்காவை நானும் கடைசியிலதான் பாத்தேன். இந்தக் கண்ணாடி வழியா ஒண்ணும் தெரியல. மேல இருக்கறவங்களுக்குத்தான் தெரியணும். மேல இருக்கறவங்களுக்குத் தெரியலைன்னா..."

அவள் கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது யார் மேல் என்று தெரியவில்லை.

தை 26, திங்கள்

படகுக்குப் போகவில்லை. மாப்பிள்ளை தோசை கொண்டுவந்து வைத்தார். சாப்பிடவில்லை. அவர் போன பிறகு சாப்பிட்டேன்.

சாயங்காலம் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் முகத்தோடு ஒட்டிக்கொண்டு படித்தேன். மை வெளுப்பு என்று எழுதியிருக்கிறேன். சாக்பீஸ் மட்டம் என்று எழுதியிருக்கிறேன். பண்ணைக்காரனைக் கூட விடவில்லை. இவ்வளவு பேரைச் சந்தேகப்பட்டவன் ஒரே ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டேன்.

தை 27, செவ்வாய்

காலையில் போனேன். பயணிகள் ஏறி உட்கார்ந்தார்கள். அரசி வழக்கம் போல எனக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஏறு" என்றேன்.

"அப்பா..."

"மேலேந்துதான் நல்லாத் தெரியும்னு நீங்க ரெண்டு பேருந்தானே சொன்னீங்க? தெரியறவ மேல போ. பாலம் வந்தா குனி. ஒன் புருஷன் வற்றுல அளந்த பாலம்."

பின்பக்கம் மாப்பிள்ளை, "இன்னும் அதை விடலையா மாமா!" என்றார்.

அவள் ஏறினாள். நான் என் பழைய இருக்கையில் உட்கார்ந்தேன். மெத்தை நன்றாகத்தான் இருக்கிறது. வளையத்தின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்தேன், பிடிக்கவில்லை.

இதைத்தான் எழுத வேண்டும் என்று நாள் முழுக்கக் காத்திருந்தேன். மேலே அவள் செய்வதெல்லாம் கீழே என் கைக்கு வருகிறது. கண்ணாடியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வளையம் மெதுவாக நகர்ந்தால் வளைவு. சட்டென்று நகர்ந்து திரும்பினால் கம்பு. முதல் திட்டில் அவள் என்னை விடச் சீக்கிரமாகவே திருப்பினாள். ஏன் என்று யோசித்தேன். மேலேயிருந்து சேற்றின் நிறம் முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை சொன்னது உண்மைதான். ஒரு நல்ல கண்ணை மேலே உட்கார வைத்தால் மேல் ஸ்டேரிங் எவ்வளவு பெரிய சங்கதி என்று கீழே உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது.

காயல் வாயில் அவள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தாள். அங்கே நீரோட்டம் இழுக்கும், போதாது என்று எனக்குப் பட்டது. வளையத்தை ஒரு விரல் அகலம் கூடுதலாக இழுத்தேன்.

கூரையில் டம் டம் என்று காலால் உதைக்கும் சத்தம்.

"அப்பா, கையை எடுங்க!"

எடுத்துவிட்டேன். படகு வலப்பக்கம் அகலமாக ஒதுங்கிப் போனது. கரையில்லாத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னைக்கு யாரு மேல? அரசியா? அதானே பாத்தேன், மருவாதியா சுத்திப் போவுதேன்னு!"

செல்லக்கிளி. நான் அவளைப் பார்க்கவில்லை. நீர்க்காகமாகக் கூடப் பார்க்கவில்லை. அவள் இருந்த இடம் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

துறைக்கு வந்ததும் மாப்பிள்ளையிடம், "அந்த முகாம் எங்க?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே, "எனக்கே தெரியும், நோட்டீஸ் படிச்சுட்டேன்" என்றேன்.

மாசி 1, வெள்ளி

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம் வந்தது. காற்று, புகை, தண்ணீரின் நிறம், தலையும் அலையும் எல்லாம் எழுதினேன். கடைசியில், ஒரு படகில் இரண்டு ஸ்டேரிங் இருந்தால் ஒருவர் தப்பு செய்யும்போது இன்னொருவர் அவரை எழுப்பாமலேயே திருத்தலாம், அது நன்மையா தீமையா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று முடித்தேன். டீச்சர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் இந்தக் கூட்டில் சேர்ந்தவர்தான் என்பதை நான் மறக்கவில்லை. அதையும் சொன்னேன். "ஆமா தாத்தா" என்று ஒப்புக்கொண்டார்.

முகாமில் பார்த்துவிட்டார்கள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் நன்றாகப் பழுத்துவிட்டதாம். ஏதோ மாம்பழத்தைச் சொல்வது போலச் சொன்னார் டாக்டர். மிகவும் இளைஞர். மீசை சரியாக முளைக்கவில்லை. அவர் மேலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. பக்கிரி அண்ணன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்தக் காலம் வேறு தாத்தா, இப்போது ஊசி கூடப் பெரிதாக இல்லை என்றார். நான் ஓட்டுகிற படகில் முதல் தடவை ஏறுகிறவர்களிடம் நானும் இப்படித்தான் பேசுவேன். அதனால் நம்பலாம் போலவும் இருக்கிறது, நம்ப வேண்டாம் போலவும் இருக்கிறது.

நாளைக்குத் தஞ்சாவூரில் வலது கண். அரசி கூட வருகிறாள். மாப்பிள்ளை படகைத் துறையில் கட்டிப்போட்டுவிட்டுப் பாலத்தை மறுபடி அளக்கப் போகிறார், ஏற்று நேரத்தில்.

பயமாக இருக்கிறது. இந்தச் சொல்லை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். எழுதுவதற்கு எளிதான சொல்தான்.

ஒரு வாரத்துக்குக் குனியக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நோட்டை அரசியிடம் கொடுத்துவிடுகிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை கட்டாயம் வாங்கி எழுதுவேன். முதல் வேலையாக, இதில் கோடு போட்டிருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். போட்டிருந்தால் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்பேன். போடவில்லை என்றால் அவரை விட மாட்டேன்.